தனியாக வாசித்தால் கனம், கூட்டத்தில் வாசித்தால் காணோம்

கேள்வி: 20 வாட் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் சத்தம் அருமையாக இருக்கிறது. நண்பர்களோடு ஒத்திகைக்குப் போனால், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததுமே என் கிட்டார் கேட்பதில்லை. வால்யூமை ஏற்றினால் இரைச்சல்தான் கூடுகிறது. கெயின், மாஸ்டர் என்று இரண்டு எதற்கு? மற்ற குமிழ்களை எங்கே வைப்பது?

பதில்: உங்கள் ஆம்பில் பேஸும் (அடி ஒலி) ட்ரெபிளும் (மேல் ஒலி) உச்சத்தில், மிடில் (நடு ஒலி) அடிமட்டத்தில், கெயின் முக்கால்வாசி திருகியிருக்கும் என்று நினைக்கிறேன். புதிதாக வாங்கும் பெரும்பாலானோர் இப்படித்தான் வைக்கிறார்கள்.

முதலில் கெயின். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மிகச் சிறிய சிக்னலை முதல் கட்டத்தில் பெருக்குவது அது. அளவு மீறினால் ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படும்; டிஸ்டார்ஷன் என்பது அதுதான். மெதுவாக மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வரும், பிக் (மீட்டும் வில்லை) கம்பியில் படும் அந்த 'டக்' மழுங்கிவிடும். இப்படி உருவான ஒலி எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பதை மாஸ்டர் பார்த்துக்கொள்கிறது. பழைய மார்ஷல் ஆம்ப்களில் மாஸ்டர் கிடையாது. கரகரப்பு வேண்டுமென்றால் காது கிழிய வைத்தாக வேண்டும். 1975இல் வந்த 2203 மாடலில்தான் மாஸ்டர் வால்யூம் சேர்ந்தது.

ஒரு ஈ மைனர் கார்டை அடித்துக்கொண்டே கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஆறு கம்பிகளும் தனித்தனியாகக் கேட்பது நின்று ஒரே கூழாகும் இடம் ஒன்று வரும். அதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். மீதிச் சத்தத்தை மாஸ்டரில் எடுங்கள்.

அப்புறம் மிடில். உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான். கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த வட்டாரம் ஏற்கெனவே பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தம். உச்சத்தில் சிம்பல்கள். கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதி, அதைத்தான் நீங்கள் குறைத்து வைத்திருக்கிறீர்கள். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடி ஸ்வரங்கள் சரியாக எட்டாது, அதனால்தான் வீட்டில் பேஸை ஏற்றத் தோன்றுகிறது. ஒத்திகைச் சத்தத்தில் அதுவே குமுறலாகிவிடும்.

எல்லாவற்றையும் 5இல் வைத்தால் சமநிலை என்றும் நம்பாதீர்கள். ஃபெண்டர் நிறுவனப் பாணி சர்க்யூட்டில் அப்போதும் நடுப்பகுதி பள்ளமாகவே இருக்கும். ஒத்திகையில் மிடில் 7, பேஸ் 4, ட்ரெபிள் 5 என்று தொடங்குங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பரவாயில்லை. எல்லோரும் வாசிக்கும்போது கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிரசென்ஸ் (மேல் ஒலியின் கூர்மைக்கான குமிழ்) இருந்தால் கடைசியில் தொடுங்கள். ரிவர்பை (எதிரொலி போன்ற விளைவு) நன்றாகக் குறையுங்கள்.

இன்னொன்று: ஆம்ப் தரையில் இருந்தால், மேல் ஸ்தாயி உங்கள் முழங்காலுக்குத்தான் போகிறது. நாற்காலியில் ஏற்றி, ஸ்பீக்கர் முகம் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் கேட்கவில்லையென்றால், அந்த டிரம்ஸுக்கு 20 வாட் போதவில்லை என்று பொருள். ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்துவிடுங்கள்.