'ஆல்வேஸ்' எங்கே வரும், 'நெவர்' எங்கே வரும்? பண்டிகை ஆங்கிலம்: கேள்வி-பதில்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதிக்காக, நீலகிரி படகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகையைப் பற்றிப் பேசிப் பழகுகிறேன். "வீ வில் வேர் ஒயிட். வீ வில் கோ டு பேரகணி. வீ வில் டான்ஸ்" என்று சொன்னால், ஏதோ அடுத்த வாரம் நடக்கப்போவது போல இருக்கிறது என்கிறார் அண்ணன். என்ன தவறு?
கல்லூரி மாணவி, கோத்தகிரி

அண்ணன் சொல்வது சரிதான். தமிழில் "வெள்ளை உடுத்துவோம், பேரகணிக்குப் போவோம்" என்றால் வருடாவருடம் செய்வதையும் குறிக்கும், நாளைக்குச் செய்யப்போவதையும் குறிக்கும். அந்தப் பழக்கத்தில்தான் நமக்கு ஆங்கிலத்திலும் 'வில்' வந்து விழுகிறது. வழக்கத்தைச் சொல்ல 'வில்' அறவே வராது என்பதில்லை. ஆனால் நம் பண்டிகையே தெரியாத தேர்வாளர் அதைக் கேட்டால், வரப்போகும் திட்டம் என்றுதான் நினைப்பார். சாதாரண நிகழ்காலத்தில் சொல்லுங்கள். 'வில்' இருந்த இடத்தில் எவ்வளவு அடிக்கடி என்று காட்டும் சொல்லை வையுங்கள்: "வீ ஆல்வேஸ் வேர் ஒயிட். வீ யூஷுவலி கோ டு பேரகணி. மை கிராண்ட்மதர் சம்டைம்ஸ் ஸ்டேஸ் அட் ஹோம்."

இப்படிச் சொன்னால் எது மாறாத வழக்கம், எது அந்தந்த வருட வசதியைப் பொறுத்தது என்பதும் புரிந்துவிடும். வெள்ளை உடை மாறாதது. பாட்டி வருவதும் வராததும் முழங்கால் வலியைப் பொறுத்தது! தேர்வில் பேச வேண்டிய தலைப்பு எழுதிய அட்டையைக் கையில் கொடுத்ததும் யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள், பிறகு இரண்டு நிமிடம் வரை பேசலாம். அந்த ஒரு நிமிடத்தில் 'எப்போதும்', 'சில சமயம்' என்று இரண்டு பத்தி போட்டுக் குறித்துக்கொண்டால் பேச்சு தடுமாறாது. அதற்காக வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆல்வேஸ்' போட்டு நிரப்பவும் வேண்டாம்.

அப்புறம், "வீ ஆர் ஆல்வேஸ் டான்சிங்" என்று நம்மவர்கள் நிறையப் பேர் சொல்கிறார்கள். அது அலுத்துக்கொள்கிற தொனி. "எப்பப் பார்த்தாலும் ஆட்டம்தான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது போல இருக்கும். "வீ ஆல்வேஸ் டான்ஸ்" போதும்.

ஆல்வேஸ் 100 சதவீதம், யூஷுவலி 80, சம்டைம்ஸ் 50 என்று கைடில் ஒரு அட்டவணை இருக்கிறது. மனப்பாடம் செய்யணுமா?
பிளஸ் ஒன் மாணவர், கூடலூர்

வேண்டாம். புத்தகத்துக்குப் புத்தகம் அந்த எண் மாறும். ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர் என்ற இறங்குவரிசை தெரிந்தால் போதும்.

"வீ கோ ஆல்வேஸ் டு சர்ச் ஆன் கிறிஸ்மஸ்" என்று மகள் எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். பொருள் புரிகிறதே, பிறகு ஏன்?
ஒரு தாய், குன்னூர்

புரிகிறதுதான். ஆனாலும் ஆசிரியர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. இந்தச் சொற்கள் முதன்மை வினைக்கு முன்னால் வரும்: "வீ ஆல்வேஸ் கோ டு சர்ச்." வினை இஸ், ஆர், வாஸ் என்று இருந்தால் அதற்குப் பின்னால்: "தி சர்ச் இஸ் ஆல்வேஸ் ஃபுல்." துணைவினை இருந்தால் இரண்டுக்கும் நடுவில்: "வீ ஹேவ் நெவர் மிஸ்ட் தி மிட்நைட் மாஸ்."

யூஷுவலி, சம்டைம்ஸ் இரண்டையும் வாக்கியத்தின் தொடக்கத்திலும் வைக்கலாம். ஆல்வேஸை அப்படி வைக்க வேண்டாம். 'எவ்ரி இயர்' போன்ற தொடர்களுக்கு வாக்கியத்தின் கடைசியே பொருத்தமான இடம். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: நடுவில் ஆல்வேஸ் வந்துவிட்டால் பிள்ளைகள் வினையின் 'ஸ்'ஸை மறந்துவிடுகிறார்கள். "மை ஆன்ட் ஆல்வேஸ் பேக்ஸ் பிளம் கேக்", 'பேக்' அல்ல.

டாக்ஸி ஓட்டுகிறேன். வெளிநாட்டுப் பயணிகள் "கிறிஸ்மஸ் சமயத்தில் ஸ்னோ விழுமா? மலர்க் கண்காட்சி எப்போது?" என்று கேட்கிறார்கள். "நெவர் டோன்ட் கம் ஸ்னோ" என்றால் சிரிக்கிறார்கள்.
ஊட்டி வாசகர்

நெவரிலேயே 'இல்லை' இருக்கிறது, கூட ஒரு டோன்ட் எதற்கு? "இட் நெவர் ஸ்னோஸ் ஹியர், பட் வீ ஆஃபன் கெட் ஃப்ராஸ்ட் இன் டிசம்பர் அண்ட் ஜனவரி" என்று சொல்லுங்கள். தலைகுந்தா புல்வெளி விடியற்காலையில் வெள்ளையாகக் கிடக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அது உறைபனி. அதை ஸ்னோ என்று சொல்லி வண்டியில் ஏற்றினால் சண்டை உங்களோடுதான்!

கண்காட்சிக்கு, "தி ஃப்ளவர் ஷோ இஸ் யூஷுவலி இன் மே." நாள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் யூஷுவலி பொருத்தம். 'ஆல்வேஸ் எவ்ரி இயர்' என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2019-ல் 123-வது கண்காட்சி, அடுத்த 124-வது 2022-ல்தான், நடுவில் கொரோனா. "ஆல்மோஸ்ட் எவ்ரி இயர்" என்பதே சரி.

எங்கள் ஹோம்ஸ்டேக்கு வருபவர்களிடம் "குறிஞ்சி ரேர்லி புளூம்ஸ்" என்று சொல்லலாமா?
கொடைக்கானல் வாசகர்

இலக்கணம் சரிதான். ஆனால் எண் தெரிந்த இடத்தில் எண்ணைச் சொல்லுங்கள்: "இட் புளூம்ஸ் ஒன்ஸ் எவ்ரி ட்வெல்வ் இயர்ஸ்." 2006, 2018, அடுத்து 2030 என்று சேர்த்துச் சொன்னால் முன்பதிவே கேட்பார்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் எங்கள் லைன் வீடுகளில் முன்பு மாசியில் காமன் கூத்து விடிய விடிய நடக்கும். இப்போது அபூர்வம். பேத்தியின் பள்ளிக் கட்டுரைக்கு இதை எப்படி எழுதுவது?
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, கோத்தகிரி

நின்றுபோன வழக்கத்துக்கு 'யூஸ்டு டு': "அவர் ஃபேமிலிஸ் யூஸ்டு டு பெர்ஃபார்ம் காமன் கூத்து எவ்ரி இயர். நவ் வீ ஹார்ட்லி எவர் டூ." இரண்டாவது வாக்கியத்தில் நாட் சேர்க்கக் கூடாது, ஹார்ட்லி எவரே எதிர்மறைதான். காமன் கூத்து என்ற பெயரை அப்படியே விட்டு, பக்கத்தில் "எ ஃபோக் பிளே தட் லாஸ்ட்ஸ் ஆல் நைட்" என்று ஒரு விளக்கம் கொடுத்தால் ஆசிரியருக்குப் புரியும். ரதி வேடம் யார் கட்டினார்கள், தப்பு மேளம் அடித்தவர் யார் என்பதையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும். அதற்கு வெறும் இறந்தகாலமே போதும்.