இரண்டு கால் அரையா?

அன்புள்ள ஐயா,

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குக் 'கால்' என்றால் நாலில் ஒன்று என்று சொல்லிக்கொடுத்தேன். "அப்போ என் ரெண்டு காலும் சேர்ந்தா அரையா?" என்கிறான். உடம்புக்கும் கணக்குக்கும் எழுத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது நம் மொழியின் சொல் பஞ்சமா?

வாசகி, மன்னார்குடி

அன்புள்ள அம்மா,

மாட்டைக் காட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும்! நாலு காலில் ஒன்று என்பதிலிருந்தே கால் பங்கு வந்தது என்பார்கள். வடமொழியிலும் 'பாதம்' காலடியும் ஆகும், நாலில் ஒரு பங்கும் ஆகும். அதனால் எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. பழைய கணக்கில் காலுக்குக் குறி 'வ', எட்டுக்கு 'அ'. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் 'எட்டேகால் லட்சணமே' என்ற வசவைக் குறி வைத்துப் படித்தால் 'அவலட்சணமே'.

நிற்பதெல்லாம், தாங்குவதெல்லாம் கால். பந்தக்கால், கட்டில் கால், ஆரக்கால். 'கால்வல் நெடுந்தேர்' என்று குறள் சொல்லுமிடத்தில் சக்கரமே கால். 'க'வுக்குப் பக்கத்தில் நின்று 'கா' ஆக்குவது துணைக்கால். அது படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். ரகரமும் காலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 'க'வை அடுத்து அப்படி ஒரு கோடு நின்றால் அது கா-வா, கர-வா, கர்-ரா என்று சுவடியைப் பதிப்பித்தவர்கள் திணறினார்கள். ணா, றா, னா மூன்றுக்கும் 1978 அரசாணைக்குப் பிறகுதான் தனிக்கால் கிடைத்தது. அதுவரை சுழித்து ஒட்டித்தான் எழுதினோம்.

சங்கப் பாட்டில் காற்றும் கால்தான். அதையும் இந்தக் காலோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு, நான் போடமாட்டேன். ஒலி ஒன்றானால் சொல்லும் ஒன்றாகிவிடாது. போனில் வருகிற 'கால்' போதாதா சாட்சிக்கு?

பஞ்சம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் நாற்றங்காலில் விதை விட்டுவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று கால் கடுக்க நிற்கிறவர் எந்தக் கால் எது என்று ஒருநாளும் குழம்பியதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பையன் அடுத்து, மூன்று கால் இருப்பதால் முக்காலி முக்கால்தானா என்று கேட்பான். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.