வெள்ளவத்தை வாய்க்கால் கரையில் நிற்பது வல்லாரையா?

வாய்க்கால் கரையில் படர்ந்திருக்கும் வட்ட இலை வல்லாரையா, சம்பல் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு நடுவில் குடைக்கம்பி மாதிரி ஒட்டியிருந்தால் அது வல்லாரையில்லை. வல்லாரைக்குக் காம்பு விளிம்பிலுள்ள பிளவில்தான் சேரும். ஓரம் சின்னப் பல்லாக இருக்கும். நிலத்தோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும்.

ஆனால் வல்லாரையாகவே இருந்தாலும் அங்கே பிடுங்காதீர்கள், தயவுசெய்து. கழிவுநீர் கலக்கிற இடம், எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. பச்சையாகத் தின்கிற இலை. அது உறிஞ்சிய ஈயம் எத்தனை தரம் கழுவினாலும் போகாது. சந்தையில் வேரோடு ஒரு பிடி வாங்கிச் சாடியில் நடுங்கள், அரைநிழலும் ஈரமும் போதும்.

சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைச் சாப்பிடும் நேரத்தில் விடுங்கள். முந்தி விட்டால் இலை கறுத்துத் தண்ணீர்விடும். கர்ப்பிணிகளும் ஈரல் நோயாளரும் வைத்தியரைக் கேட்காமல் மருந்தாக எடுக்கக்கூடாது.