கடிகாரத்தை நாம் திருப்பினோம்; நாயிடம் யார் சொன்னது?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது வயது லாப்ரடோர் நாயும் பன்னிரண்டு வயதுப் பூனையும் இருக்கின்றன. பூனைக்கு நீரிழிவு, காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இன்சுலின் போடுகிறேன். நாய்க்கும் அதே ஏழு மணிக்குத்தான் சாப்பாடு. சென்ற நவம்பரில் நேரம் மாற்றிய பின்னர், மூன்று கிழமைகளுக்கு மேலாக, நாய் விடியற்காலை ஐந்து மணிக்கே கட்டிலருகில் வந்து நின்று முனகியது. அயலவர்களின் தூக்கம் கெடுமே என்று என் கணவர் எழுந்து ஒரு பிஸ்கட் கொடுத்துப் படுக்க வைப்பார். ஒருநாள் படியடிக் கம்பளத்தில் சிறுநீரும் கழித்துவிட்டது. மீண்டும் நவம்பர் வருகிறது. இம்முறை என்ன செய்வது? ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது?

– வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து மணிக்கு வந்து நின்ற உங்கள் நாய் நேரம் தவறவில்லை. அதன் கணக்கில் அப்போது மணி ஆறு. நேற்று வரை ஆறு மணிக்கு எழுந்து, ஏழு மணிக்குத் தட்டில் சாப்பாடு விழும் ஒலியைக் கேட்டுப் பழகிய ஒரு பிராணியிடம், இன்று முதல் அது எட்டு மணிக்குத்தான் விழும் என்று சொல்ல நம்மிடம் மொழியில்லை. மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த கடிகாரத்தை, நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு, இங்கே ஒன்ராறியோவில் நாம் ஒரு மணிக்குத் திருப்புகிறோம். அந்த வீட்டில் மாறுவது அது ஒன்றுதான்.

விமானத்தில் வேறு நாட்டுக்குப் போகிறவருக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஊர் மாறினால் சூரியன் உதிக்கும் நேரமும் சேர்ந்து மாறுகிறது. அந்தப் புதிய வெளிச்சமே சில நாட்களில் உடலைப் புதிய நேரத்துக்கு இழுத்து வந்துவிடும். நேரமாற்றத்தில் சூரியன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரொறன்ரோவில் ஒக்டோபர் இறுதியில் காலை ஏழே முக்கால் மணியளவில் உதித்த சூரியன், நேரம் மாறியதும் கடிகாரப்படி ஏழு மணிக்கு முன்பே உதித்துவிடுகிறது. ஆகவே வெளிச்சம் உங்களுக்கு உதவப் போவதில்லை; அது நாயின் பக்கம்தான் நிற்கும்.

நாய், பூனை, மனிதர் எல்லோருக்கும் மூளையில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு நரம்பணுக் கொத்து உடலின் தலைமைக் கடிகாரமாக வேலை செய்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டுதான் அது தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. ஆனால் ஈரலுக்கும் குடலுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவை பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பின்பற்றுகின்றன. தினமும் ஒரே நேரத்தில் உணவு பெறும் பிராணியின் உடல் அந்த நேரத்துக்கு முன்பாகவே விழித்து, உணவை எதிர்பார்த்து ஆயத்தமாகிவிடும். வெளிச்சத்தை உங்களால் மாற்ற முடியாது, உணவை மாற்ற முடியும் என்பதால், உங்கள் கையில் இருக்கும் ஒரே திருகாணி சாப்பாட்டுத் தட்டுதான்.

இவற்றோடு வீட்டிலேயே பல சிறு மணிகள் அடித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் காலையில் தானாக இயங்கத் தொடங்கும்போது எழும் மெல்லிய உறுமலையும், தரைத் துவாரத்தில் வரும் முதல் சூட்டையும் உங்கள் பூனை கவனிப்பதைப் பாருங்கள்: துவாரத்தின் கம்பிகளுக்கு மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்தபடி, கண்ணை மட்டும் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்திருக்கும். அந்தச் சூடு வந்தால் இன்னும் சற்று நேரத்தில் சாப்பாடு என்பது அதற்குத் தெரியும். பேர்னஸை இயக்கும் தெர்மோஸ்டாட் தானாகப் புதிய நேரத்துக்கு மாறும் வகையாக இருந்தால், நேரமாற்றத்துக்கு அடுத்த காலை அந்தச் சூடும் அதன் கணக்கில் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வரும்.

இதை நான் முதலில் கற்றது கனடாவில் அல்ல. 1996 மே மாதத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இலங்கையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அந்த ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பித் தந்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அப்போது நாங்கள் வவுனியாவில் இரண்டு பசுக்கள் வைத்திருந்தோம். பால் சேகரிக்க வருபவர் புதிய நேரத்தில் வந்து வாசலில் மணியடிப்பார். மாடோ பழைய நேரத்துக்குத்தான் மடி விடும். அம்மா இரண்டு கிழமைகள் அவரோடும் மாட்டோடும் மாறி மாறி வாதாடினார். கடைசியில் வைக்கோல் போடும் நேரத்தை நாளுக்குக் கொஞ்சமாக முந்தி வைத்துத்தான் மாட்டைச் சம்மதிக்கச் செய்தார். உங்களுக்கு நான் சொல்லப் போவதும் அதே வைத்தியம்தான், திசை மட்டும் எதிர்.

நேரமாற்றத்துக்கு முந்திய புதன்கிழமை காலை சாப்பாட்டை ஏழேகாலுக்கு வையுங்கள். வியாழன் ஏழரை, வெள்ளி ஏழே முக்கால், சனி எட்டு. ஞாயிறு காலை கடிகாரம் ஏழு காட்டும்போது நாயின் வயிற்றுக்கு அது சனிக்கிழமை சாப்பிட்ட அதே நேரமாக இருக்கும். மாலைச் சாப்பாட்டையும், காலை மாலை நடையையும், இரவு விளக்கணைப்பதையும் இதே கணக்கில் நகர்த்த வேண்டும். சாப்பாட்டை மட்டும் பிந்தி வைத்துவிட்டு நீங்கள் வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து தேநீர் போட்டால், நாய் உங்களைத்தான் நம்புமே தவிரத் தட்டை அல்ல. வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு எட்டு மணி முடியாது என்றால், நேரம் மாறிய பின்னர் தொடங்கலாம்: ஞாயிறு காலை புதிய ஆறு மணிக்கு வைத்து, ஒவ்வொரு நாளும் கால் மணி பிந்தினால் வியாழனுக்குள் ஏழுக்கு வந்துவிடும்.

எல்லா நாய்களும் இதற்குச் சிரமப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலையுதிர்கால நேரமாற்றத்தை ஒட்டி ஒன்ராறியோவில் பனிவண்டி இழுக்கும் நாய்களையும் வீட்டு நாய்களையும் கவனித்து, 2025இல் வெளியிட்ட ஆய்வில், கண்டிப்பான அட்டவணையில் வாழும் வண்டி நாய்களிடம்தான் மாற்றம் தெரிந்தது, அதுவும் விரைவில் சரியாகிவிட்டது. வீட்டு நாய்களின் காலை நடமாட்டம் பெரிதாக மாறவில்லை. வார இறுதியில் பிந்தி எழும் வீட்டில் வளரும் நாய்க்கு நெகிழ்வு இயல்பாகவே பழகிவிடுகிறது. உங்கள் வீட்டில் பூனையின் ஊசிக்காக எல்லாமே மணிப்படி நடப்பதால், உங்கள் நாய் வண்டி நாய்களின் கட்சியில் சேர்ந்துவிட்டது என்று எண்ணுகிறேன்.

ஆனால் மூன்று கிழமைகள்? அதற்குக் காரணம் நேரமாற்றம் அல்ல, பிஸ்கட். உங்கள் கணவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். நாய் கற்றுக்கொண்டதோ, ஐந்து மணிக்கு முனகினால் ஒருவர் எழுந்து வந்து தின்பண்டம் தருவார் என்பது. இம்முறை எழுப்பினால் எழாதீர்கள், பேசாதீர்கள், திட்டவும் வேண்டாம். திட்டும் அதற்கு ஒரு கவனிப்புதான். முதல் சில நாட்கள் முனகல் குறைவதற்குப் பதிலாகக் கூடும். அந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் மனம் தளர்ந்து, நான்காம் நாள் எழுந்து கொடுத்துவிடுகிறார்கள். அது நாய்க்கு நான்கு நாள் விடாமல் முனகினால் பலன் உண்டு என்ற பாடமாகிவிடுகிறது. அயலவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது பிஸ்கட்டை விட நல்லது. நாய்க்கு உண்மையிலேயே வெளியே போகும் அவசரம் என்று தோன்றினால், பேச்சில்லாமல், பெரிய விளக்கைப் போடாமல் கூட்டிச் சென்று, திரும்பியதும் படுக்க விடுங்கள்.

கம்பளத்தில் நடந்ததற்கு நாயைக் குற்றம் சொல்ல வேண்டாம். நேரம் மாறும் சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் நீள்கிறது. வயதாகிவரும் நாயின் சிறுநீர்ப்பைக்கு அது பெரிய நேரம். முதல் சில இரவுகள் படுக்கப் போகுமுன் கடைசியாக வெளியே விடுவதை அதற்கேற்பப் பிந்தி வையுங்கள்.

இனி ஊசி. இதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். சனி மாலை ஏழுக்குப் போட்டு ஞாயிறு காலை புதிய ஏழுக்குப் போட்டால் இடைவெளி பன்னிரண்டு மணி அல்ல, பதின்மூன்று. ஒரே ஒரு தடவை ஒரு மணி நேரம் பிந்துவதைப் பல வைத்தியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆயினும் உங்கள் பூனைக்கு அது பொருந்துமா, அல்லது நாயின் சாப்பாட்டைப் போலவே கால் மணியாக நகர்த்துவதா என்பதை, அதன் சர்க்கரை அளவை அறிந்த உங்கள் மிருக வைத்தியரே ஒக்டோபருக்குள் சொல்ல வேண்டும். நான் உறுதியாகச் சொல்லக் கூடியவை சில: ஊசியும் சாப்பாடும் பிரியாமல் ஒன்றாகவே நகர வேண்டும், பூனை சாப்பிட மறுத்தால் வைத்தியரைக் கேட்காமல் ஊசி போடக் கூடாது, போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது தடவை போடவே கூடாது. நேரம் மாறும் வார இறுதியில் வீட்டில் இரண்டு பேர் இரண்டு கடிகாரங்களைப் பார்த்து ஆளுக்கொரு ஊசி போடுவது கற்பனையல்ல. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவர் நேரத்தை எழுதிக் கையொப்பமிடுங்கள். பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, வலிப்பு வந்தாலோ அது சர்க்கரை குறைவதன் அறிகுறியாக இருக்கலாம். காத்திருக்காமல் உடனே வைத்தியரை அழைக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: நேரம் மாறிய மறுநாளே சூரியன் மாலை ஐந்து மணி தாண்டியதும் மறைந்துவிடும். வேலை முடிந்து நாயை நடத்தும் நேரம் முழுவதும் இருட்டு. சாரதிகளுக்கும் அந்த இருட்டு புதிது. கழுத்துப் பட்டையில் ஒரு சிறு விளக்கும், ஒளி தெறிக்கும் பட்டியும் மாட்டுங்கள்.

இத்தனையும் செய்து இரண்டு கிழமைகளுக்குப் பின்னும் நாய் இரவில் எழுந்து அலைந்தாலோ, அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, கடிகாரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, முதுமைத் தடுமாற்றம் எல்லாம் இப்படித் தொடங்கலாம். பூனை நள்ளிரவில் உரக்கக் கத்தத் தொடங்கினால் தைரொயிட்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் முன்னே போகும்போது சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் முந்தி வரும் தட்டை மறுத்த நாயை நான் இன்னும் சந்திக்கவில்லை. அப்போது இன்சுலின் இடைவெளிதான் பதினொரு மணியாகக் குறுகும். இடைவெளி குறைவது கூடுவதைவிட ஆபத்தானது என்பதால், நவம்பரைப் பற்றிக் கேட்கப் போகும்போதே மார்ச்சைப் பற்றியும் வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.