குளச்சல் உப்புக்காற்றும் அணைந்துபோகும் பிஎஸ்4-உம்

விசிறி இரைந்து 20 நிமிடத்தில் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கேம் கருவி) தானாக அணைகிறது, துண்டைச் சுற்றிச் சூடாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஐயோ, வேண்டாம். அது மைக்ரோசாஃப்டின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360-இல், கோளாறைக் காட்டும் சிவப்பு விளக்கு வளையம் எரிந்த காலத்துக் கைவைத்தியம். அந்தக் கோளாறு பெருகித்தான் 2007-இல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை 3 ஆண்டாக நீட்டியது. உங்களுடையதோ சூட்டால் அணைகிறது. இன்னும் சூடு எதற்கு?

முதலில் சேவ் ஃபைல்களை (விளையாட்டில் நீங்கள் சேமித்து வைத்தவை) ஒரு பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். குளச்சலில் கடலோர வீடு என்கிறீர்கள். முட்டத்தில் எங்கள் ஜன்னல் கம்பியே இரண்டு வருடம் தாங்கவில்லை! உப்பு ஈரத்தோடு தூசி, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கில் அப்பிக்கொள்ளும், ஊதினால் போகாது. மின்சாரத்தைத் துண்டித்துத் திறந்து, பிரஷால் சுத்தம் செய்து, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். உள்ளே சர்க்யூட் போர்டில் அரிப்பால் பச்சை பூத்திருந்தால் நீங்கள் கைவைக்க வேண்டாம், நாகர்கோவிலில் போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம், பிஎஸ்4-ஐ டிவி அலமாரிக்குள் அடைக்காதீர்கள்.