ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கும் என் தம்பி, மனைவி பிள்ளைகளுடன் வரும் ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். அங்கே ஆற்றோரத்து மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்பே இடம் பதிவுசெய்து, இலக்கமிட்ட நிலத்தில் கூடாரம் அடித்து, மேசையும் நெருப்புக் குழியும் உள்ள வசதியோடு தங்கிப் பழகிய பிள்ளைகள், இங்கே கனகராயன் ஆற்றங்கரையிலும் இரண்டு இரவுகள் அப்படித் தங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எங்கே, எப்படித் தங்கலாம்?
– வாசகி, மாங்குளம்

பதில்: ஓகஸ்ட் மாதத்தில் அந்தப் பிள்ளைகள் காணப்போவது பெரும்பாலும் ஆற்றை அல்ல, ஆற்று மணலைத்தான் என்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கனகராயன் ஆறு, பாலி ஆறு, பறங்கி ஆறு, பேராறு என வன்னியின் ஆறுகள் பெரும்பாலும் மாரி மழையை நம்பி ஓடுபவை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இரு கரையும் தொட்டு ஓடுகின்ற இந்த ஆறுகள், வைகாசிக்குப் பின் ஆங்காங்கே சில மடுக்களை மட்டும் விட்டுவிட்டு வற்றிப்போகின்றன. நாட்டின் இரண்டாவது நீளமான ஆறாகிய, 164 கிலோமீற்றர் ஓடி மன்னார்க் கரையில் கடலைச் சேரும் அருவி ஆற்றிலும் கோடையில் நீர் நன்றாகக் குறைந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆறு வற்றும்போது எஞ்சுகின்ற மடுவும், அதன் கரையில் நிழல் விரிக்கும் மருத மரமும் பார்ப்பவர் கண்ணுக்குக் கூடாரம் அடிப்பதற்கென்றே அமைந்த இடமாகத் தோன்றும். ஆனால் சுற்றுக் காட்டிலுள்ள யானை, கரடி, பன்றி, மான் எல்லாவற்றுக்கும் அந்தக் கோடையில் எஞ்சிய தண்ணீர் அதுதான். முதலைக்கும் அதுவே தஞ்சம். மாலை மங்கியதும் அவை வந்து இறங்குகின்ற தடத்தின் குறுக்கே நாம் படுத்திருந்தால் குற்றம் விலங்குகளுடையது ஆகாது. ஆகவே கோடையில் வன்னி ஆற்றங்கரையில் தண்ணீருக்கு எவ்வளவு கிட்டப் போகிறோமோ, அவ்வளவுக்கு இரவு தங்குவதற்குப் பொருந்தாத இடத்துக்குப் போகிறோம் என்று கொள்ளலாம். பகலில் போய் இருந்துவிட்டு வருவதற்கு அதே இடம் மிக நல்லது.

என் கருத்தில் உங்களுக்குப் பொருந்துவது, ஆற்றுக்கு நடை தூரத்தில் காணி வைத்திருக்கும் உறவினர் அல்லது தெரிந்தவர் ஒருவரின் வளவில், வேலிக்கு உட்பக்கமாக, கிணறும் மலகூடமும் கிட்ட இருக்கும்படி கூடாரத்தை அடிப்பதுதான். அந்த வீட்டுக்காரருக்கு யானை எந்தப் பக்கமாக வரும், யானை வேலி எங்கே அறுந்து கிடக்கிறது, எந்த ஒற்றையடிப் பாதையில் யாரோ பன்றிக்குக் கட்டுத்துவக்கு (கயிற்றில் கால் பட்டால் வெடிக்கும் பொறித் துப்பாக்கி) கட்டியிருக்கிறார்கள் என்ற சங்கதிகள் எல்லாம் தெரிந்திருக்கும். பூங்காவின் வாயிலில் நின்று வரைபடம் தருகின்ற அலுவலரைவிட அவர் கூடுதலாகவே பயன்படுவார். பகல் முழுவதும் ஆற்றில் இருந்துவிட்டு, சூரியன் சாயும் முன் அவரோடு வளவுக்குத் திரும்பிவிடுங்கள். வெளியூர் வாகனம் ஒன்று இரவில் நிற்பது கண்டு அயலவர் கலவரப்படாதிருக்கக் கிராம அலுவலரிடம் ஒரு சொல் சொல்லிவைப்பதும் நன்று.

மிதிவெடி பற்றியும் சொல்லாமல் விட முடியாது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது; வெடிபொருள் அகற்றும் பணி அதற்குப் பின்னும் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. துப்புரவாக்கி மக்களிடம் கையளிக்கப்பட்ட நிலங்களில் அச்சமின்றி நடக்கலாம். ஆனால் ஊரார் புழங்காத பற்றைக்குள் விறகு பொறுக்கவோ பழம் பறிக்கவோ பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். வெள்ளம் வெடிபொருளை இடம் பெயர்த்துவிடக் கூடும் என்பதால் ஆற்றோரத்தில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எதைக் குறிக்கிறது, துருப்பிடித்த இரும்புத் துண்டு எதையும் ஏன் தொடக்கூடாது என்பதை உங்கள் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் அறிவார்கள். கனடாவில் பிறந்த மருமக்களுக்கு அதை வந்த முதல் நாளே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: பிள்ளைகளுக்காகக் கூடாரம் ஒன்று வாங்கினோம். முற்றத்தில் விரித்துப் பார்த்த அன்று, செட்டிகுளம் முகாமில் இருந்து வந்த என் மாமியார் அன்று முழுவதும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. “தறப்பாளுக்குக் கீழே கிடந்தது காணாதா” என்று மட்டும் கேட்டார். நாங்கள் போவதை விட்டுவிட வேண்டுமா?
– வாசகி, விசுவமடு

பதில்: விட வேண்டியதில்லை. ஆனால் அவரையும் வரச் சொல்லி வற்புறுத்துவதும், “இது வேறு, அது வேறு” என்று விளக்கம் சொல்வதும் வேண்டாம். வேறு என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கே வெயிலில் கொதித்த கூடாரத்தையும், மழைக்கு உள்ளே ஏறிய சேற்றையும், தண்ணீருக்கு நின்ற வரிசையையும் அனுபவித்தவருக்குச் சீலைக் கூரை என்பது பொழுதுபோக்கின் அடையாளம் ஆக முடியாது.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உள்ளன. கூடாரத்தை அவருடைய கண்ணெதிரே வீட்டு முற்றத்தில் விரிக்காமல், பயிற்சி வேண்டுமென்றால் வேறு இடத்தில் விரித்துப் பாருங்கள். முகாமை நினைவூட்டக்கூடிய வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் தறப்பாள் கொண்டுபோகாமல் வேறு நிறம் தேடுங்கள். முன் பதிலில் சொன்னபடி தெரிந்தவர் வளவில் தங்குவதானால், பகல் பொழுதுக்கு மட்டும் அவர் வந்து அந்த வீட்டு விறாந்தையில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பலாம். வர விரும்பாவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். மடு மாதாவின் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு வண்டி கட்டிச் சென்று, காட்டு மரங்களின் கீழ் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்து, அங்கேயே உலை வைத்து நாட்கணக்கில் தங்கிய வழக்கம் வன்னியில் போருக்கு வெகு காலத்துக்கு முன்பே இருந்தது, இன்றும் இருக்கிறது. கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவர்களும் போனார்கள். உங்கள் மாமியாரின் சிறுபிராயத்தில் அப்படி ஒரு பயணம் இருந்திருந்தால், அதைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கட்டும். பெரியவர்கள் நாம் கேட்பதைவிட அவர்கள் கேட்டால் அவர் பேசக்கூடும்.

கேள்வி: மடு வீதித் தேசியப் பூங்காவிலோ வில்பத்துவிலோ கூடாரம் அடிக்க அனுமதி உண்டா?
– வாசகர், முருங்கன்

பதில்: 1938 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வில்பத்துவில், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் குறித்துவைத்த முகாமிடங்கள் உள்ளன. முன்பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, திணைக்களத்தின் வழிகாட்டியோடுதான் அங்கே தங்கலாம். குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கவும் கூடாது. சிறு பிள்ளைகளை இரண்டு நாட்கள் அப்படி அடக்கி வைத்திருக்க உங்களால் முடியுமா என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015 இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை. வேலி கண்ணில் படவில்லை என்பதால் அவற்றினுள் நுழைந்து தங்குவது சட்டப்படி குற்றமாகும். ஒதுக்குக் காடுகளுக்கு வனத் திணைக்களத்தின் அனுமதியும், குளக்கட்டுகளை அண்டிய நிலத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை அங்கே சொல்வார்கள்.

கேள்வி: ஆற்றில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா? தை, மாசியில் போனால் நீர் ஓடும் என்கிறார்களே?
– வாசகர், மல்லாவி

பதில்: மாரி ஓய்ந்து வெள்ளம் வடிந்த பின், மாசி, பங்குனியில் நீர் தெளிந்து ஓடும். இரவும் குளிராக இருக்கும். வெளிநாட்டு விடுமுறைக்குக் கட்டுப்படாத குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடிய நல்ல காலம் அதுவே. மார்கழியில் போகவே வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழைக்குக் கீழே இரவோடு இரவாக ஆறு ஏறும்; குளம் நிரம்பினால் வான்கதவைத் திறந்துவிடுவார்கள். 2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீட்டுக்குள் படுத்திருந்தவர்களையே வெள்ளம் எழுப்பியது. கூடாரத்தில் படுத்திருப்பவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மாதமானாலும் மணல் படுகையில் கூடாரம் அடிக்காமல், பழைய வெள்ளம் செத்தை குப்பைகளைச் சேர்த்துவிட்டுப் போன அடையாளத்துக்கு மேலே மேட்டில் அடியுங்கள்.

குளிப்பதற்கு இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று முதலை. குளத்திலும் மடுவிலும் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். காணவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. மற்றது, அதைவிடக் கூடுதலாக நான் அஞ்சுவது, மணல் அகழ்ந்த கிடங்கு. களவாக மணல் ஏற்றிய இடங்களில் முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி ஆளை மூடும் ஆழமாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் நீர் ஒரே மட்டமாகத்தான் தெரியும். அந்த ஊரார் நாள்தோறும் குளிக்கும் துறையில், முதலில் ஒரு பெரியவர் தடியூன்றி நடந்து பார்த்த பின், நீர் ஓடுகின்ற ஆழமில்லாத இடத்தில், பட்டப்பகலில் மட்டும் பிள்ளைகளை இறக்குங்கள். கலங்கிய மடுவில் ஒருபோதும் வேண்டாம். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிப்பதும் ரொறன்ரோவில் இருந்து வரும் பிள்ளைக்குப் புதுமைதான்.

கேள்வி: பாம்புக்கும் மலேரியாவுக்கும் பயந்து என் கணவர் மறுக்கிறார். அவர் பயம் சரியா?
– வாசகி, வவுனியா

பதில்: பாதி சரி. வன்னியைப் பல தலைமுறைகளாக வாட்டிய மலேரியா இன்று இங்கே பரவுவதில்லை. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. டெங்கு இருக்கிறது, எனவே நுளம்பு கடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் புண்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரக்கூடும்.

பாம்பு விடயத்தில் அவர் அச்சம் நியாயமானது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது. கடித்த இடம் வீங்குவதோ வலிப்பதோ பெரும்பாலும் இல்லாததால், நித்திரையில் இருப்பவர் அறியாமலே போய்விடுவார். விடியற்புறம் வயிற்று வலியும், கண் இமை தூக்க முடியாத சோர்வும் வந்தால் அதை உணவின் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. வெறும் பாயில் படுப்பதைவிட, அடிச்சீலை சுவரோடு சேர்த்துத் தைத்த கூடாரத்தில், இழுபூட்டை முழுவதும் மூடிக்கொண்டு படுப்பது இந்த வகையில் பாதுகாப்பானது. பூட்டைப் பாதி திறந்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சப்பாத்தை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் வெளியே இறங்கினால் ரோச் வெளிச்சம் இல்லாமல் கால் வைக்காதீர்கள். கண்ணாடி விரியன் சருகிலும் புல்லிலும் கிடக்கும் என்பதால் கூடாரத்தைச் சுற்றிக் கூட்டித் துப்புரவாக வைத்திருங்கள்.

கடி பட்டால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியைப் பெறுங்கள், அல்லது கையிலுள்ள வாகனத்தில் உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள். விசகடி வைத்தியரைத் தேடி முதலில் போய் நேரம் கழிப்பது உயிருக்கு ஆபத்து. தங்கப்போகும் இடத்தில் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கிறதா என்பதைப் பகலிலேயே பார்த்துவைக்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்து வந்த கூடாரம் உள்ளே அவிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: குளிர் நாட்டுக்கென்று செய்த கூடாரம் வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும். மழை இல்லாத இரவில் மேலுறையைக் கழற்றிவிட்டு வலை மட்டும் இருக்க விடுங்கள். பகலில் யாரும் உள்ளே இருக்க வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் வாசலைக் காற்றுக்கு நேரே வைத்தால் மணல் முழுவதும் பாயில் ஏறும், ஆகவே சற்றுச் சரித்து வையுங்கள். அதனோடு வருகின்ற மெல்லிய கம்பி முளைகள் நமது மணலில் நில்லா. சிறு சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட்டால் அசையாது. பட்டுப்போன கிளை உள்ள மரத்தின் கீழ் அடிக்க வேண்டாம்.

கேள்வி: சமையலுக்கு எதைக் கொண்டு போவது?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: முதல் நாள் இரவுக்குப் பாணும் சம்பலும் போதும், புது இடத்தில் இருட்டில் உலை வைக்க வேண்டாம். குடிநீரை வீட்டிலிருந்தே கான்களில் கொண்டு செல்லுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமேயன்றி நீரின் கடினத்தன்மை முழுவதும் போகாது. அரிசி, உப்பு, பழம் ஆகியவற்றைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. கனடாவில் கரடிக்குப் பயந்து உணவை வாகனத்துக்குள் பூட்டுகிறார்கள்; இங்கே யானை உப்பையும் நெல்லையும் மோப்பம் பிடித்து வீட்டுச் சுவரையே தள்ளுகிறது, சீலைச் சுவர் எம்மாத்திரம். எல்லாவற்றையும் தங்கும் வளவின் வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கோடையில் சருகு எளிதில் பற்றும் என்பதால் காஸ் அடுப்பே நல்லது. விறகு அடுப்பு மூட்டினால், நீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுச் சூடு இல்லை என்று கண்ட பின்பே படுக்கப் போங்கள். பொலித்தீன் பையையும் போத்தலையும் திரும்பி வரும்போது வாகனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.