ஆள்காட்டி விரல் போனதற்கு இருபத்தைந்தாயிரம்தானா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 30. எட்டுப் பேர் வேலை செய்யும் அட்டைப்பெட்டிப் பட்டறையில் மாதம் 15,000 ரூபாய் சம்பளம். காகிதம் வெட்டும் இயந்திரத்தில் அவன் வலக்கை ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவோடு 25,000 ரூபாய் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். தடுப்பைக் கழற்றியது தம்பியின் தவறு என்றும் சொல்கிறார். இனி எதுவும் கேட்க முடியாதா? முப்பது சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். வேலையின்போது வேலையால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் உரிமை. இன்றைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் தாள், எத்தனை ரூபாய் முத்திரைத்தாளாக இருந்தாலும், செல்லாது.

ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீத ஊனம் என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. கணக்குக்கு எடுத்துக்கொள்வது மாதச் சம்பளத்தின் 60 சதவீதம்; 15,000 ரூபாயில் அது 9,000. முப்பது வயதுக்குச் சட்டம் தரும் காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், 207.98. இரண்டையும் பெருக்கி, வரும் தொகையில் 14 சதவீதம் எடுத்தால் ஏறத்தாழ 2,62,000 ரூபாய். வாங்கிய 25,000 ரூபாயை இதில் கழிக்கலாம். மருத்துவச் செலவைக் கழிக்க முடியாது. பட்டறையில் உண்மையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், பதிவே செய்யாவிட்டாலும், வழி ஈ.எஸ்.ஐ. பக்கம் போகும், அங்கே வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் பணம் வரும். ஆகவே தலைகளை எண்ணிப் பாருங்கள்.

தடுப்பைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தொழிலாளர்கள் வாயடைத்துப்போவது இந்த இடத்தில்தான். பாதுகாப்புக்காகத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தும், தொழிலாளியே வேண்டுமென்று அதை அகற்றியிருந்தாலோ புறக்கணித்திருந்தாலோ மட்டுமே, தடுப்பைக் காட்டி முதலாளி தப்ப முடியும். அப்போதுங்கூட மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்த விலக்கு கிடையாது. கை உள்ளே இருந்தால் கத்தியை நிறுத்த வேண்டிய உணரியின் மேல் செலோடேப் ஒட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒட்டியவர் மேற்பார்வையாளர், மணிக்கு இத்தனை கட்டு வெட்டியாக வேண்டும் என்று சொன்னவர் முதலாளி. உங்கள் தம்பி வேலைக்குச் சேரும்போதே தடுப்பு கழற்றப்பட்டுத்தான் கிடந்ததா, வேகத்துக்காகக் கழற்றச் சொன்னார்களா, மற்றவர்களும் அப்படியேதான் வெட்டினார்களா என்பதை உடன் வேலை செய்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கவனக்குறைவு வேறு, வேண்டுமென்று செய்வது வேறு. வெறும் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது.

அந்த முப்பது சதவீதக்காரரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். இவர்களில் பலர் முதலாளியிடமும் பேசி, பாதித் தொகைக்குச் சமரசம் செய்து, இரண்டு பக்கமும் காசு பார்ப்பவர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தோ, வங்கிப் புத்தகமோ, ஏ.டி.எம். அட்டையோ யாரிடமும் தர வேண்டாம். தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் நீங்களே மனுப் போடலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை அமர்த்தித் தரும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர் பெரும்பாலும் பட்டறை ஆள்; விபத்துப் பதிவேட்டில் ‘வீட்டுக் கதவில் நசுங்கியது’ என்று எழுதவைத்துவிடுவார். முதல் நாள் பதிவின் நகலை இந்த வாரமே வாங்கி, காயம் எங்கே, எப்படி ஏற்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படித்துப் பாருங்கள். தவறாக இருந்தால் உடனே எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள்.

ஒரு மாதத்துக்குள் தராத இழப்பீட்டுக்கு 12 சதவீத வட்டி என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ‘எதிர்த்தரப்பு வரவில்லை’, ‘அதிகாரி விடுப்பு’ என்று வாய்தா வாய்தாவாகத் தள்ளி, கட்டுப்போட்ட கையோடு ஒரு மனிதனைப் படியேற வைக்கும் இந்த நடைமுறையை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை. அதற்காக மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்: விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அது பதிவாக வேண்டும். சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வயதுச் சான்று, சிகிச்சைச் சீட்டுகள், அந்த முத்திரைத்தாளின் நகல் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள்.